பசிதான் கலவரத்தின் தாயா?

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாட்டில் எங்காவது கடை எரிந்தாலும், பஸ் வண்டிக்குக் கல் விழுந்தாலும், "வயிறு காய்ந்தவன் வேறென்ன செய்வான்?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையசைக்கிறார். வறுமை கூடினால் குழப்பம் கூடும், வறுமை குறைந்தால் அமைதி வரும் என்று ஒரு கணக்கு நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அன்பான வாசகரே, நாவலப்பிட்டியில் இருந்துகொண்டு இந்தக் கணக்கை நம்புவது எளிதல்ல.

1974ஆம் ஆண்டை நினைவில் வைத்திருக்கும் முதியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1973இன் பிற்பகுதியில் அரசாங்கம் பங்கீட்டு அரிசியைக் குறைத்தது. கோதுமை மாவுக்கும் தட்டுப்பாடு வந்தது. கிராமத்தவருக்குச் சிறு வயலோ, ஒரு பலாமரமோ, கொல்லையில் நான்கு மரவள்ளிச் செடியோ இருந்தது. லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவருக்குக் கூப்பன் அரிசியும் மாவுமே கதி. அந்தச் சமயத்தில் தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் நாட்டின் பொது வீதத்தைவிட மிக உயர்ந்து நின்றது. மலையை விட்டு இறங்கிய குடும்பங்கள் கடைத்தெருக்களிலும் புகையிரத நிலையங்களிலும் கையேந்தி நின்றன. அதைக் கண்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

பசிதான் கலவரத்தின் தாய் என்றால் அந்த ஆண்டு மலைநாடு பற்றி எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. அரிசிக் களஞ்சியங்களைச் சனங்கள் உடைக்கவில்லை. செத்தவர்களைப் புதைத்துவிட்டு மறுநாள் காலை பிரட்டுக்குப் போனார்கள்.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1971 ஏப்ரலில், துப்பாக்கியும் கைக்குண்டும் எடுத்துப் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியவர்கள் யார்? பெரும்பாலும் சிங்களக் கிராமத்து வாலிபர்கள். பாடசாலையில் சித்தியடைந்து, உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதி எழுதிச் சலித்தவர்கள். ஏழைகள்தாம், ஆனால் லயத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பள்ளியும் இருந்தது, வாக்கும் இருந்தது, பத்திரிகையும் இருந்தது. மிகவும் பசித்தவன் மௌனமாக இறந்தான். அவனைவிடக் குறைவாகப் பசித்தவன் ஆயுதம் எடுத்தான். அப்படியானால் பசிக்கும் கலகத்துக்கும் இடையில் இன்னொன்று நிற்கிறது. தன் வறுமையை மனிதன் என்னவென்று நினைக்கிறான் என்பதே அது. அவனுடைய வறுமையை மற்றவர்கள் என்னவென்று நினைக்கிறார்கள் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது பாதியில் நீங்களும் நானும் வருகிறோம்.

தலையெழுத்து என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மன்னார்க் காட்டு வழியே நடந்துவந்த முதல் தலைமுறையின் துணை அந்தச் சொல்தான். 1874இல் புகையிரதம் நாவலப்பிட்டிக்கு வந்தபின், கோப்பிக்காகவும் அதன் பிறகு தேயிலைக்காகவும் வந்த கூட்டம் பெருகியது. பெரிய கங்காணியிடம் பட்ட கடன் துண்டுச் சீட்டாகி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளோடு கூடவே போனது. 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் மனத்தில் ஒட்டியிருந்த துண்டைக் கிழிக்க எந்தச் சட்டசபையாலும் முடியவில்லை. பட்ட கடனைத் தீர்க்கவே பிறந்தோம் என்று நினைப்பவனுக்குக் கோபம் வராது. கோபம் வருவதற்குத் தனக்கு ஏதோ உரித்தானது என்ற எண்ணம் முதலில் வேண்டும்.

அந்த எண்ணத்தை லயங்களுக்குள் கொண்டுபோனவர்களில் கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையும் முக்கியமானவர்கள். துரைமார் அவர்களைத் தோட்டத்துக்குள் விடவில்லை. அய்யர் துணி வியாபாரி போலப் போனார் என்று சொல்வார்கள். அம்மையார் பாட்டுக் கட்டிப் பாடினார். மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று 1929இல் வந்த நாட்சம்பளம் சிறிய தொகைதான். ஆனாலும் அது சட்டத்தில் எழுதப்பட்ட தொகை. எழுதப்பட்டதைக் குறைத்துக் கொடுத்தால், "ஏன் குறைந்தது?" என்று கேட்கலாம். தலையெழுத்திடம் அப்படிக் கேட்க முடியாது. இந்த வித்தியாசத்தை ஒரு சமூகம் உணர்ந்துகொண்ட பத்தாண்டுகளைத்தான் நாம் இன்று தொழிற்சங்க வரலாறு என்று படிக்கிறோம்.

இனி மறுபக்கம். சம்பளத்தைக் கூட்டினால் வேலைக்கு வரும் நாளைக் குறைப்பான், கையில் மிஞ்சுவதைக் குடித்துத் தீர்ப்பான் என்பது அக்காலத்துத் துரைமாரிடையே பரவியிருந்த கருத்து. (குடித்தார்கள் என்பது பொய்யல்ல. ஆனால் சாராயக் குத்தகையில் வந்த வருமானம் எந்தக் கஜானாவுக்குப் போனது என்று துரைமார் கேட்டுக்கொள்ளவில்லை.) இப்படி நினைப்பவனுக்குத் தொழிலாளியின் மனு ஒரு மனுவாகத் தெரியாது, அடங்காத பிள்ளையின் குறும்பாகத் தெரியும். குறும்புக்குப் பதில் பிரம்பு. பிரம்பு போதாவிட்டால் பொலிஸ்.

ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி நடந்தது அதுதான். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணைக் குழு அமர்ந்தது. கோவிந்தனின் விதவைக்காகச் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். ஒரு கூலிக்காரனின் சாவு என்று எளிதாக மூடப்பட்டிருக்கக்கூடிய விடயம், அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்கு அரசாங்கச் சபையையே உலுக்கியது. அதே ஆண்டில் தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச உடன்படிக்கையொன்றுக்கு வந்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஜனவரிக்கும் உடன்படிக்கைக்கும் இடையில் தொழிலாளியின் வறுமை சிறிதும் குறையவில்லை. லயம் அதே லயம். காம்பரா அதே காம்பரா. மாறியது ஒன்றுதான்: எதிரில் நிற்பவன் பேசத் தகுந்தவன் என்று முதலாளி ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலைத் துப்பாக்கிச் சூட்டுக்கு முன்னரே கொடுத்திருந்தால் கோவிந்தன் உயிரோடிருந்திருப்பார். குழப்பத்தை மூட்டுபவர்கள் தொழிற்சங்கக்காரர் என்று சொல்வது நம்மிடையே ஒரு வழக்கம். கேட்க மறுக்கும் காதும் குழப்பத்தை மூட்டும் என்பதை முல்லோயா காட்டியது.

ஆனால், "இது தலையெழுத்தல்ல, அநியாயம்" என்று ஏழை கண்டுகொண்டால் எல்லாம் நேராகிவிடுமா? அங்கேதான் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. அநியாயம் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, "யார் செய்தது?" என்பது. இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் அது வேலைநிறுத்தமாகவோ கொலையாகவோ முடிகிறது.

கண்டிச் சீமையின் கிராமத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதியில்லாத காட்டையும் தரிசையும் அரசுக்குரியதென்று கொண்டது. சேனைப் பயிரும் மாட்டு மேய்ச்சலும் நடந்த மலைகள் தோட்டங்களாயின. நூறு ஆண்டுகளுக்குப் பின், 1951இல், கண்டிய விவசாயிகள் பற்றிய ஆணைக்குழு அந்தக் கிராமங்களின் காணிப் பஞ்சத்தையும் வறுமையையும் விரிவாக எழுதிவைத்தது. அது உண்மையான துயரம். அதை நம்மவர் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்தக் கிராமத்தவன் காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படுபவர் யார்? லண்டனில் இருந்த பங்குதாரர் அல்லர். 1840இல் சட்டம் எழுதிய ஆங்கிலேயரும் அல்லர். எதிர்மலையில் கூடை சுமந்து ஏறும் தமிழ்ப் பெண்தான். அவளுக்கும் அந்த மலையில் ஓரங்குலம் சொந்தமில்லை. என்றாலும் காணியைத் தின்றவள் அவளே என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும் அந்தப் பாடத்தைச் சட்டமாக்கின. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் இலட்சம் மனிதரை இந்தியாவுக்கு இவ்வளவு, இலங்கைக்கு இவ்வளவு, பின்னால் பார்ப்பதற்கு இவ்வளவு என்று பிரித்தது. ஆனால் என்னை மிகவும் யோசிக்கவைப்பது 1971இன் வாலிபர்களே. வறுமை விதியல்ல என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அதற்காக உயிரையும் கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இரகசியமாக நடத்தப்பட்ட ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்பு வாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளி அந்த விஸ்தரிப்பின் கருவி என்று அதில் சொல்லப்பட்டது. நீதிக்காகச் சாகத் துணிந்தவனுக்கு, வேலிக்கு அப்பால் தன்னைவிடப் பசித்துக் கிடந்தவன் எதிரியாகத் தெரிந்தான். (அந்த இயக்கத்தின் வழிவந்தவர்கள் பிற்காலத்தில் தோட்டத் தொழிலாளருக்காகப் பேசத் தொடங்கியது வேறு கதை.) எவ்வளவு நல்ல கோபமும் தவறான முகவரிக்குப் போய்ச் சேரலாம் என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணம் நம் நாட்டில் இல்லை.

பிறகு வந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. பல இடங்களில் அதன் பலன் லயத்தவருக்கு வெளியேற்றமாகவே கிடைத்தது. தோட்டக் காணிகள் பிரித்தளிக்கப்படுவதை எதிர்த்து 1977 மேயில் டெவன் தோட்டத்தில் திரண்டவர்களுள் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்டிலும், 1981இலும், 1983 ஜூலையிலும் லயங்களும் கடைகளும் எரிந்தன. தமிழர் மீது மட்டும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1915இல் யுத்தகால விலைவாசியில் சனங்கள் தவித்தபோது, கம்பளைப் பெரஹராத் தகராறிலும் கண்டியின் வெசாக் இரவிலும் தொடங்கிய நெருப்பு முஸ்லிம் வியாபாரிகளின் கடைகளைத் தின்றது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் மறுபடியும் அவர்களுடைய கடைகளே எரிந்தன. விலையேற்றத்துக்குக் காரணம் யுத்தமோ சந்தையோ என்று பார்ப்பதைவிட, தராசு பிடித்து நிற்பவனின் முகத்தைப் பார்ப்பது சுலபம்.

இத்தனை எரிந்தபின் எரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1983 ஜூலைக்கும் 1986 தைப்பொங்கலுக்கும் இடையில் இரண்டரை ஆண்டுகள்தாம். வடக்கில் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது. மலைநாட்டிலும் வெடித்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். அந்தத் தைப்பொங்கலன்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனைப் போராட்டத்தை ஆரம்பித்தது. தொழிலாளர் காலைவேளையில் கொழுந்து மலைக்குப் போகாமல் கோயில்களில் கூடி, நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வேண்டி மன்றாடினார்கள். சில நாட்களில் அரசாங்கம் இறங்கிவந்தது. அவ்வாண்டிலேயே சட்டம் நிறைவேறியது. எஞ்சியிருந்த குறைகளை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்தது. பணிந்துபோனார்கள் என்று இதை இளைஞர் சிலர் ஏளனம் செய்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாட்டின் தேயிலையை நிறுத்திவைத்துச் செபிப்பது பணிவல்ல. கோபம் இருந்தது; அது கிராமத்தவனின் கூரைக்குப் போகாமல், சட்டத்தை மாற்றக்கூடியவரின் வாசலுக்குப் போனது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தப் பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களில் லயத்தில் இருப்பவரும் உண்டு, நாவலப்பிட்டிக் கடைவீதியில் இருப்பவரும் உண்டு, ஆசிரியத் தொழில் கிடைத்து லயத்தை விட்டு வந்தவரும் உண்டு. "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைச் சிங்களவர் கண்டுபிடிக்கவில்லை. அது தமிழ் வார்த்தை. தமிழர் வாயில் பிறந்தது. தோட்டத்துச் சிறுமிகளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டவர்களில் கொழும்புக்காரரும் கண்டிக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் இருந்தார்கள். செபமாலை சொல்லும் வீடுகளும் அவற்றில் இருந்தன. "இங்கே வந்தாலாவது வயிறாரச் சாப்பிடுகிறாள்" என்று அதற்கு விளக்கம் சொல்வோம். அந்த ஒரு வாக்கியத்தில் வறுமை பற்றிய நம் முழுத் தத்துவமும் அடங்கியிருக்கிறது: அவளுடைய பசி ஒரு செய்தி, நம்முடைய சோறு ஒரு தருமம். அவள் ஏன் பசித்தாள் என்பது அந்த வாக்கியத்தில் எங்கும் வரவில்லை.

செல்வந்தனும் லாசரும் பற்றிய உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்தச் செல்வந்தன் லாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோ சுவிசேஷத்தில் இல்லை. வாசலில் கிடப்பது அவனுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். எரியும் நெருப்பில் நின்றுகொண்டும் அவன் லாசரோடு பேசுவதில்லை. தண்ணீர் கொண்டுவரவும், சகோதரரிடம் தூது போகவும் லாசரை அனுப்பும்படி ஆபிரகாமிடம் கேட்கிறான். மரணத்துக்குப் பின்னும் லாசர் அவனுக்கு ஏவலாளாகவே தெரிகிறான்.

நம் திருச்சபையில் இதை வேறுவிதமாகக் கண்டவர்களும் இருந்தார்கள். 1959 முதல் கண்டி மேற்றிராணியாராகவும், 1972 முதல் பதுளையின் முதல் மேற்றிராணியாராகவும் இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, குருமாணவர் மடத்துச் சுவருக்குள் மட்டும் படிக்காமல் கிராமத்திலும் தோட்டத்திலும் சனங்களோடு வாழ்ந்து கற்க வேண்டுமென்று விரும்பினார். இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவினார். சிங்களக் கிராமத்தவரையும் தமிழ்த் தோட்டத்தவரையும் ஒரே கூரையின்கீழ் அமரவைப்பது அவர் முயற்சி. ஒருவர் வறுமைக்கு மற்றவர் காரணமல்ல என்பதை மேடையில் எவரும் சொல்லிவிடலாம். இருவரும் பக்கத்தில் அமர்ந்து தத்தம் கதையைச் சொல்லும்போதுதான் அது காதில் ஏறும். 1977க்கும் 1983க்கும் நடுவில் அப்படி அமர்ந்தவர்கள் சிலரே. அந்த ஆண்டுகளின் நெருப்பை அவர்களால் தடுக்க முடியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

2022ஐயும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசை, மின்வெட்டு, மருந்தில்லை, பால்மா இல்லை. ஜூலை 9ஆம் திகதி சனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். அந்த ஆண்டு நம்மில் எவரும், "இது எங்கள் தலையெழுத்து" என்று சொல்லவில்லை. "நாங்கள் சோம்பேறிகள், அதனால்தான் எரிவாயு இல்லை" என்றும் சொல்லவில்லை. லயத்துப் பசிக்கு நூறு ஆண்டுகளாக விதி, குடி, சோம்பல் என்று காரணம் அடுக்கிய நாட்டில், நகரத்து அடுப்பு அணைந்த சில வாரங்களிலேயே குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தது சரிதான். அதே கண்ணாடியை மலைப்பக்கம் திருப்பிப் பார்க்க நமக்கு ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதே கேள்வி.

நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகக் கேட்டு 2021இல் அது கிடைத்தது. உடனே கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோவையும் பல தோட்டங்கள் கூட்டின. 2024இல் அது 1,350 ரூபாவானது. "இவ்வளவு கூட்டியும் இன்னும் கேட்கிறார்களே" என்ற பேச்சை அப்போது கடைவீதியில் நாம் கேட்டோம். சிலவேளை நாமே பேசினோம். துரைமார் போய்விட்டார்கள். துரைமாரின் வாக்கியம் போகவில்லை.

2015க்குப் பின் தோட்டத்தவருக்கு லயத்துக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கொடுக்கும் திட்டம் வந்தபோது, பக்கத்துக் கிராமங்களில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது: "அவர்களுக்கு மட்டும் ஏன்?" இதைக் கேட்டவுடன் நம்மவர், "பார்த்தீர்களா, இனத் துவேஷம்!" என்று முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அப்படிக் கேட்பவரில் பலர் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்க் கிடைத்த துண்டு நிலத்தில் இருப்பவர்கள். அவர்கள் கையில் இருப்பது தம் விருப்பப்படி விற்க முடியாத வெறும் அனுமதிப் பத்திரம். லயத்தவர் கையில் அதுவும் இல்லை. பஸ்பாகே கோறளைப் பிரதேச செயலகத்தில் காணி அலுவலுக்கு வந்தால், இவரும் அவரும் ஒரே வாங்கில்தான் காத்திருக்க வேண்டும்.